புதுவீடும் தளவாடமும்: ஒரு கணக்குப் பாடம்



சென்ற பள்ளி விடுமுறையின்போது என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஐந்தாம் ஆண்டில் அவளுக்கு நான் கணிதம் கற்பித்தேன். இப்பொழுது அவளுக்குத் திருமணம் உறுதியாகியிருக்கிறது. மணமக்கள் இருவரும் சேர்ந்து மாசாய் வட்டாரத்தில் ஓர் இரட்டை மாடித் தொடர்வீடு வாங்கியிருக்கிறார்கள். சாவி கைக்கு வந்துவிட்டது. அழைப்பிதழ் கொடுக்க வந்தவள், கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றையும் எடுத்து மேசைமீது வைத்தாள்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்கள். அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு வாரமாக இதனால்தான் சண்டை" என்றாள்.

அது புதுவீட்டுக்கு வாங்க வேண்டிய தளவாடப் பொருள்களின் பட்டியல். சமையலறை அலமாரி 9,500 வெள்ளி, சோபா 4,200, கட்டிலும் உடுப்பு அலமாரியும் சேர்த்து 5,800, சாப்பாட்டு மேசை 2,900, தொலைக்காட்சி 3,400, அதை வைக்கும் மேசை 1,600, குளிர்பதனப் பெட்டி 2,600, சலவை இயந்திரம் 1,500, இரண்டு குளிர்சாதனங்கள் 3,000, திரைச்சீலைகள் 2,400, கண்ணாடி அலமாரி 1,700. கூட்டினால் 38,600 வெள்ளி. கையில் இருக்கும் சேமிப்போ 18,000. மீதமுள்ள 20,600 வெள்ளிக்கு ஒரு பகுதியைத் தனிநபர் கடனாகவும் மற்றொரு பகுதியைத் தவணை முறையிலும் சமாளித்துவிடலாம் என்பது இளையவர்களின் திட்டம்.

பட்டியலை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு மின்விசிறிகூட இல்லை. விளக்கு இல்லை. கதவுக்கும் சன்னலுக்கும் கிரில் இல்லை. நம் நாட்டில் புதுவீடு என்பது பெரும்பாலும் நான்கு சுவரும் மின்கம்பி முனைகளும் மட்டுமே என்பதைச் சாவி வாங்கிய பிறகுதான் பலரும் உணர்கிறோம். மின்விசிறி இல்லாத வீட்டில் கண்ணாடி அலமாரி எதற்கு என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னாள்: "புதுமனை புகுவிழாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வருவார்கள் டீச்சர். வீடு வெறிச்சென்று இருந்தால் என்ன நினைப்பார்கள்?"

தாயார் ஒன்றும் பேசவில்லை. கடன் வேண்டாம் என்று சண்டையிட்டவர் அவர்தாம். ஆயினும் இந்தக் கேள்வி அவர் மனத்திலும் இருந்தது என்பதை முகமே காட்டிற்று.

கணக்கைப் பற்றி அவர்களிடம் பேசுவதற்கு முன்பு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அதை இங்கும் எழுதுகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் படிக்கும் பக்கம் இது, எவருக்கேனும் பயன்படலாம்.

1996ஆம் ஆண்டில் நான் என் முதல் வீட்டை வாங்கினேன். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பத்தில் சொந்தப் பெயரில் வீடு வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை தலைக்கேறியிருந்தது என்று ஒப்புக்கொள்வதில் இன்று எனக்குத் தயக்கமில்லை. சோபா, கண்ணாடி அலமாரி, சாப்பாட்டு மேசை ஆகிய மூன்றையும் மூன்று தவணைகளில் எடுத்தேன். மாதம் 130, 85, 75 வெள்ளி. மொத்தம் 290. அன்றைய என் சம்பளத்தில் வீட்டுக் கடனும் இந்த 290 வெள்ளியும் போனபின் எஞ்சியது மாதக் கடைசிவரை நீளாது. ஆனாலும் வருகிறவர்கள் சோபாவைத் தடவிப் பார்த்து, "டீச்சர் வீடு டீச்சர் வீடுதான்" என்று சொல்லும்போது மகிழ்ந்தேன்.

அதே ஆண்டில் என் தங்கைக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்தது. பதிவுக் கட்டணம் 1,800 வெள்ளி. அப்பா என்னிடம் கேட்கவில்லை. நானும், "பணத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டியிருக்குமே என்ற அச்சம் எனக்கு இருந்ததா என்று பலமுறை என்னையே வினவியிருக்கிறேன். இருந்தது என்பதே உண்மை.

தீபாவளிக்கு அம்மா என் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் எப்போதும் கிடக்கும் மூன்றரைப் பவுன் சங்கிலி இல்லை. கேட்டதற்கு, "கழுத்து அரிக்கிறது, கழற்றி வைத்திருக்கிறேன்" என்றார். புதிய சோபாவில் அமரச் சொன்னேன். அவர் வழக்கம்போலத் தரையில் அமர்ந்து, சோபாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டுதான் தங்கை வாய் தவறிச் சொன்னாள். சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. ஆறு மாதத்துக்குள் மீட்க முடியவில்லை. இரண்டாம் பருவக் கட்டணம் குறுக்கே வந்துவிட்டது. சங்கிலி மூழ்கிப் போயிற்று.

அந்தச் சோபா ஏழாண்டுகள்கூட உழைக்கவில்லை. கீழ்ப்பலகை உளுத்துச் சுருள்கம்பி வெளியே வந்தபின், குப்பை வண்டிக்காரருக்கு 30 வெள்ளி கொடுத்து அதை எடுத்துப்போகச் சொன்னேன். பின்னாளில் அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த சங்கிலியை அவர் பெட்டியிலேயே வைத்திருந்தார். விசேஷங்களுக்கு மட்டும் அணிந்தார். பழைய சங்கிலியைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இதைக் கேட்டு முடித்தபின் அந்தப் பெண் தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தாள். அன்று மாலை நாங்கள் மூவரும் போட்ட கணக்கைத்தான் கீழே தருகிறேன்.

முதற்கணக்கு தவணையைப் பற்றியது. என் சோபாவையே எடுத்துக்காட்டாகக் கொண்டோம். ரொக்க விலை 2,400 வெள்ளி. மாதம் 130 வீதம் 24 மாதங்கள் என்றால் மொத்தம் 3,120. கூடுதல் 720 வெள்ளி. 720ஐ 2,400ஆல் வகுத்தால் 30 விழுக்காடு. இரண்டு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 15 விழுக்காடு. விற்பனையாளர் சொல்லும் விகிதம் இதுதான். ஆனால் மாதந்தோறும் நாம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். இரண்டாம் ஆண்டில் நம் கையில் இருக்கும் கடன் பாதிக்கும் குறைவு. வட்டியோ முழுக்கடனுக்கும் போட்டது. குறைந்துகொண்டே வரும் கடனுக்கு உரிய வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டு விகிதம் 26 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் விழுக்காடு கற்பிக்கும்போது மாம்பழங்களையும் கோலிக்குண்டுகளையும் விட்டுவிட்டு இந்தக் கணக்கைக் கற்பித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

தவணையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். குளிர்பதனப் பெட்டி திடீரெனப் பழுதாகிவிட்டால், குழந்தைக்குப் பால் வைக்கும் வீட்டில் தவணை தவிர வேறு வழி இல்லாதிருக்கலாம். அப்படி எடுக்கும்போது, 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் நமக்குச் சில உரிமைகளைத் தருகிறது. அச்சட்டத்தின்கீழ் வரும் பொருளுக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ரொக்க விலையில் குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் படி ஒன்று நமக்குத் தரப்பட வேண்டும். "மாதம் 130 மட்டுமே" என்ற அறிவிப்பைப் பார்க்காமல், "எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு" என்று கேட்பது முதற்கடமை. கைப்பேசியில் விரலால் தொட்டவுடன் மூன்றாகவும் ஆறாகவும் பிரித்துத் தரும் வசதிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இரண்டாவது, முன்னுரிமை. வீட்டில் ஒரு நாளில் எந்தப் பொருளை எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறோம் என்று எழுதச் சொன்னேன். மெத்தை எட்டு மணி நேரம். மின்விசிறி பதினைந்து மணி நேரம். அடுப்பும் கழுவுதொட்டியும் இரண்டு மூன்று மணி நேரம். இருவரும் காலையில் வேலைக்குச் சென்று இரவு திரும்பும் வீட்டில் சோபாவுக்கு ஒரு மணி நேரமே கிடைத்தது. கண்ணாடி அலமாரியின் எதிரே அவள் ஒன்றும் எழுதவில்லை. பேனாவால் ஒரு கோடு மட்டும் போட்டாள்.

மூன்றாவது, காத்திருத்தல். ஒரு மாதமாவது வெறும் வீட்டில் வாழ்ந்து பார்க்க வேண்டும். மாலை வெயில் எந்தச் சன்னலில் விழுகிறது, எந்த அறை புழுங்குகிறது, படிக்கட்டுத் திருப்பத்தில் எவ்வளவு அகலமான பொருள் ஏறும் என்பதெல்லாம் வாழ்ந்தால்தான் தெரியும். கடைக்குப் போகும்போது அளவுநாடாவும் அறைகளின் அளவுகளும் கையில் இருக்க வேண்டும். கடையின் பரந்த கூடத்தில் சிறியதாகத் தெரியும் சோபா, நம் வீட்டு முன்னறைக்குள் வந்ததும் யானையாகிவிடும்.

புதிய பட்டியல் இவ்வாறு அமைந்தது. கிரில் 2,400 வெள்ளி, மின்விசிறிகளும் விளக்குகளும் 900, கட்டில் 900, நல்ல மெத்தை 1,500, உடுப்பு அலமாரி 1,100, கழுவுதொட்டியையும் அடுப்பையும் தாங்கும் கீழ் அலமாரி மட்டும் 2,200, சிறிய குளிர்பதனப் பெட்டி 1,400, சலவை இயந்திரம் 900, நான்கு நாற்காலிகளுடன் மேசை 850, படுக்கையறைகளுக்கும் முன்னறைக்கும் எளிய திரைச்சீலை 600. மொத்தம் 12,750. சேமிப்பில் 5,250 வெள்ளி மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தைத் தொடக்கூடாது என்று தாயாரே கட்டளையிட்டார். தளவாடத்தில் பிள்ளைகள் முதலில் வாங்க வேண்டியது அந்த மிச்சம்தான் என்று நான் சொன்னேன். மழையில் கூரை ஒழுகினாலும் வேலையில் மிகைநேரம் நின்றாலும் அதுதான் அவர்களைத் தாங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாகோ வழியாக மூவாருக்குச் சென்றோம். ஜொகூரில் வாழும் நமக்கு அது ஒரு கொடுப்பினை. மலேசியா வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் தளவாடப் பொருள்களில் பெரும் பங்கு மூவார் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்தே செல்கிறது. பக்ரி பக்கம் போனால் சாலையின் இருபுறமும் ஆலைகளும் விற்பனைக் கூடங்களும் இருக்கின்றன. காட்சிக்கு வைத்தவை, ஏற்றுமதியில் மிஞ்சியவை, சிறு கீறல் விழுந்தவை ஆகியன குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. ஆயினும் போக்குவரத்து எரிபொருள், சாலைக் கட்டணம், வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கூலி ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே விலை மலிவா என்று முடிவு செய்ய வேண்டும். ஒற்றை நாற்காலிக்காக மூவார் செல்வது அறிவுடைமை ஆகாது.

அங்கு ஒரு மேசையைக் கவிழ்த்துப் பார்த்தேன். விற்பனையாளர் வியப்புடன் பார்த்தார். தளவாடத்தின் உண்மை அதன் அடிப்பக்கத்தில்தான் தெரியும். மேற்புறம் எல்லாம் ஒரே பளபளப்பு. அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில், இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் சிறு துண்டுகள் இணைக்கப்பட்டிருந்தன. அது ரப்பர் மரம்.

என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கின் ஒளியில் மரம் மரமாக நடந்தவர். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால்மரத்தின் விளைச்சல் குறைந்துவிடும். பிறகு மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்துவிடுவார்கள். அக்காலத்தில் அந்தக் கட்டைகள் அடுப்புக்கும் புகைவீட்டுக்கும் விறகாயின. மிஞ்சியதைத் தோட்டத்திலேயே எரித்தார்கள். வெட்டிய சில நாள்களில் பூஞ்சணம் பிடித்துக் கருநீலமாகும், வண்டு துளைக்கும். எனவே மரவேலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது. பின்னர்க் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் போன்றவற்றின் ஆய்வுகளால், வெட்டியவுடன் அறுத்து, போரான் கலந்த மருந்தேற்றி, சூளையில் உலர்த்தினால் அது நல்ல தளவாட மரம் என்பது நிலைபெற்றது. விறகாக எரிந்த மரம் இன்று கப்பலேறி அயல்நாட்டு வீடுகளில் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது. ஓக் என்ற சொல்லை ஒட்டவைத்து அதை விற்பவர்களும் உண்டு. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அதன் சொந்தப் பெயரே நமக்குப் போதும்.

அந்த மேசையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவியபோது, எங்கள் தாத்தா பாட்டிமார் உழைத்த மரத்தை நாம் ஒருநாளும் நம் வீட்டுக்குள் பெருமையாக வைத்ததில்லையே என்று நினைத்தேன். 1996இல் நான் வாங்கியது பளபளக்கும் தாள் ஒட்டிய மரத்தூள் பலகை. விலை ரப்பர் மரத்தைவிடக் குறைவும் அன்று.

மரத்தூள் பலகையைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. உலர்ந்த அறையில், அசையாமல் ஓரிடத்தில் நிற்கும் உடுப்பு அலமாரிக்கு அது போதும். ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஒருமுறை கழற்றிய திருகாணியை அதே துளையில் மீண்டும் முடுக்கினால் பிடிப்பதில்லை. இடமாற்றத்துக்கு உட்பட்ட ஆசிரியர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். இரண்டு முறை வீடு மாறினால் அத்தகைய அலமாரியின் ஆயுள் முடிந்துவிடும். 1,500 வெள்ளி அலமாரி ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 300 வெள்ளி. 2,400 வெள்ளி மர அலமாரி பதினாறு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 150 வெள்ளி. விலைச்சீட்டில் இந்தக் கணக்கை எவரும் எழுதிவைப்பதில்லை. நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் மரமும் ஈரத்தில் வைக்கத் தக்கதன்று. வீட்டுக்கு வெளியே மழையில் நனைய விடக்கூடாது.

வாங்கிய பொருளுக்கு ரசீது பெற்றோம். பொருளின் பெயர், மரத்தின் வகை, ஒப்படைக்கும் நாள், முன்பணம் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொன்னேன். சொன்ன பொருள் வராவிட்டாலும், குறையுள்ள பொருள் வந்தாலும், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 2019இல் செய்த திருத்தத்தின்படி 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது தேவை. கடன் ஏற்கெனவே கழுத்தை நெரிப்பவர்கள், மத்திய வங்கி 2006இல் அமைத்த ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

நம் தோட்டத்துப் பெண்கள் இவற்றையெல்லாம் படிக்காமலே அறிந்திருந்தார்கள். கூட்டுப் பணம் போட்டு, தம் முறை வந்தபோது தையல் இயந்திரமோ அலமாரியோ வாங்கினார்கள். முதலில் சேமிப்பு, பிறகு பொருள் என்பதே அவர்களின் ஒழுங்கு. கூட்டை ஒரு வணிகமாக நடத்துவதை 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துவிட்டது, ஏமாந்தவர்களும் பலர். ஆகவே அதனைப் பரிந்துரைக்கவில்லை. அந்த ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாதம் 200 வெள்ளியைச் சோபாவுக்கென ஒதுக்கினால், பதினைந்து மாதத்தில் 3,000 வெள்ளிச் சோபா வட்டியின்றி வீட்டுக்கு வரும்.

திருவள்ளுவர் வருவாய்க்கேற்ற செலவைப் பற்றிப் பேசுமிடம் 'வலியறிதல்' என்னும் அதிகாரம். பகைவனின் வலிமையும் தன் வலிமையும் அறிந்து செயற்படும் அரசனுக்கு உரிய அதிகாரத்தில் வரவு செலவை ஏன் வைத்தார் என்று பல ஆண்டுகள் எனக்குப் புரியவில்லை. இப்பொழுது ஓரளவு புரிகிறது. நம் அளவை நாம் அறிவதும் வலிமைதான்.

புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தேன். முன்னறையில் பாய் விரித்திருந்தார்கள். மின்விசிறி நன்றாகச் சுழன்றது. மாப்பிள்ளை வீட்டு அம்மையார் ஒருவர் சுற்றும் முற்றும் பார்த்து, "சோபா இன்னும் வரலையா?" என்று கேட்டே விட்டார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்ததை நான் கண்டேன். என் நெஞ்சும் படபடத்தது. இந்த ஆலோசனை என்னுடையது அல்லவா?

"அடுத்த வருஷம் வரும் அத்தை. காசு சேர்த்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் அவள்.

அந்த அம்மையார் ஒரு கணம் பேசாதிருந்தார். பிறகு சேலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டு பாயில் அமர்ந்தார். அவளுடைய தாயார் காப்பித் தட்டுடன் வந்து அவரருகில் உட்கார்ந்தார். அவர் கழுத்தில் சங்கிலி இருந்தது. என் கண் முதலில் அங்குதான் சென்றது.

பெற்றோர்களே, பிள்ளைகளின் புதுவீட்டுப் பட்டியலை ஒருமுறையாவது உடன் அமர்ந்து கூட்டிப் பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, விழுக்காடு கற்பிக்கும் நாளில் ஒரு தவணை அறிவிப்பை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். மீண்டும் வேறொரு பதிவில் சந்திப்போம்.